இடது பையில் இன்னொருவர்

எங்கள் கம்பெனி செயலிக்கு அழகான ஒரு பெயர் உண்டு. கம்பெனிக்காரர்கள் யோசித்து யோசித்து வைத்தது. நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மாமியார் என்றுதான் சொல்வோம். எங்கே போனாலும் கேட்பாள், நின்றால் ஏன் நின்றாய் என்பாள், பதில் சொன்னாலும் நம்ப மாட்டாள். என் சொந்த மாமியார் எவ்வளவோ தேவலை. எப்போதாவதுதான் கேட்பார். அதுவும் நான் இன்னும் அதே வேலையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேனா என்று.

அதே வேலைதான். ஏ.சி. மெக்கானிக். ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஏ.சி.யைக் கழற்றிக் கழுவி மாட்டுவது, கேஸ் அடைப்பது, மேஜைமேல் தண்ணீர் சொட்டுகிறது என்று அழாத குறையாக நிற்பவர்களுக்கு ஆறுதல் சொல்வது. வேலையில் சேர்கிற அன்றே எங்கள் சொந்த போனில் மாமியாரை ஏற்றிவிடுவார்கள். 'இருப்பிடத்தை எப்போதும் அனுமதிக்கவா?' என்று ஒரு கேள்வி வரும். கீழே வேறு பதில்களும் இருக்கும். அவற்றைத் தொட்டால் அன்றைக்கு வேலை வராது. ஆகவே எப்போதும் அனுமதித்தோம். வேலை நேரத்தைத்தான் எப்போதும் என்கிறார்கள் என்று நாங்களாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

அதன் பிறகு நாங்கள் ஆளுக்கொரு நீலப் புள்ளி. ஆபீஸில் ஒரு மேடம் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். புள்ளி ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால் மாமியாரிடமிருந்து செய்தி வரும்: 'நீங்கள் நகரவில்லை. உதவி தேவையா?' ஒரு தடவை 'தேவை' என்று அழுத்திப் பார்த்தேன். 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. இன்றைக்கும் அது பதிவாகவே இருக்கிறது.

எங்களில் மூத்தவரை ஜில்லண்ணன் என்போம். காலமெல்லாம் கேஸ் வேலை பார்த்ததாலோ என்னவோ, அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். பேச்சும் அப்படித்தான், சூடே ஏறாது. எனக்கு ஹீட்டர் என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை, இவ்வளவு நேரம் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் ஜோடியாக ஒரே கட்டிடத்துக்கு அனுப்புவார்கள். ஒருவர் அறையைக் குளிரவைப்பார், இன்னொருவன் அங்கே இருப்பவர்களின் காதைச் சூடாக்குவான்.

அவர் மனைவியை அண்ணி என்போம். அண்ணிக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, பேச்சும் ஒரு பக்க உடம்பும் போய், ஆஸ்பத்திரியில் படுத்து மாதக்கணக்காகிவிட்டது. கம்பெனிக் காப்பீட்டில் கிடைத்த கட்டில் அது. அண்ணனுக்கு வேலை இருக்கும்வரைதான் அண்ணிக்குக் கட்டில். ராத்திரியெல்லாம் அண்ணன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் கிடப்பார், காலையில் நேராக வேலைக்கு வருவார். சிக்கல் மதியச் சாப்பாட்டில்தான் இருந்தது. கரைத்த சாப்பாட்டை நர்ஸ் ஊட்டினால் அண்ணி வாயை இறுக்கிக்கொள்வாராம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சில்லென்ற விரல் தாடையில் பட்டால் மட்டும் திறப்பாராம். எங்களுக்குக் கொடுக்கிற இடைவேளையில் ஆஸ்பத்திரிக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம், உள்ளே போக முடியாது. வேலை நேரத்தில் புள்ளி வேறு இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்களோடு வேலை பார்த்த ஒருவரை, குறட்டையால் காம்ப்ரசர் என்போம், அப்படித்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார் மனுஷர். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எதற்கு விசாரிப்பது? புள்ளிதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே.

ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். காலையிலேயே பாதி வேலையை இரண்டு பேரும் முடித்துவிடுவோம். மதியம் கட்டிடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில், அண்ணன் தன் போனை என் சட்டையின் இடது பையில் போடுவார். வலது பையில் என் போன். இரண்டு புள்ளிகளையும் நான் மாடி மாடியாக மேய்த்துக்கொண்டு திரிவேன். அவர் வெறும் பையோடு பின்வாசல் வழியாக வெளியே போவார்.

"ஒரு பட்டன் போன் வாங்கித் தரேண்ணே, வெச்சுக்கோங்க. ஏதாவது அவசரம்னா கூப்பிடலாம்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"என்னைக் கூப்பிடறவ யாருடா? அவ பக்கத்துலதானே இருக்கப்போறேன்."

"இருந்தாலும்ணே..."

"பையில எதுவும் இல்லாம ஒரு நாள் தெருவுல நடந்து பாரு. தோள்லேர்ந்து யாரோ எறங்கிப் போன மாதிரி இருக்கும். அதைக் கெடுக்காத."

நான் கெடுக்கவில்லை. அவருடைய குரலையும் நானே பார்த்துக்கொண்டேன். மேடம் அவரைக் கூப்பிட்டால் தொண்டையைக் கொஞ்சம் இறக்கிப் பேசுவேன். கஷ்டமே இல்லை. ஜில்லண்ணன் வாழ்க்கையில் மூன்றே மூன்று வாக்கியம்தான் பேசுவார்: "சரிம்மா." "ஆச்சும்மா." "வந்துட்டே இருக்கேம்மா." அவ்வளவு பேச்சைக் குறைத்துக்கொள்வதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

அன்றைக்கு நான் மொட்டை மாடியில் பெரிய யூனிட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பீய்ச்சுகிற பம்பு காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இடது பை அதிர்ந்தது. கையெல்லாம் அழுக்குத் தண்ணீர். திரையைப் பார்க்காமலே எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல் ஏதோ படபடவென்று சொல்லியது. கடைசியில் "சீக்கிரம் வாங்க" என்பது மட்டும் கேட்டது. அடுத்த மாடியில் எவனோ புழுங்குகிறது என்று புகார் பண்ணியிருக்கிறான், மேடம் விரட்டுகிறார் என்று நினைத்தேன்.

"வந்துட்டே இருக்கேம்மா" என்றேன். அச்சு அசலாக ஜில்லண்ணன். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டு போனைப் பையில் போட்டேன்.

யூனிட்டை முழுக்கக் கழுவி, பம்பை அணைத்துவிட்டுக் குழாயைச் சுருட்டும்போது மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை நன்றாகக் கேட்டது.

"சார், வார்டுலேர்ந்து பேசறேன். வந்துட்டே இருக்கேன்னு சொன்னீங்களே, இன்னும் காணோமே. டாக்டர் பாத்துட்டாரு. ரொம்ப நேரம் தாங்காது சார்."

குழாயைக் கீழே போட்டேன்.

"அவரு அங்கதானேம்மா இருக்காரு? சாப்பாடு குடுக்க வந்தாரே."

"யாரு?"

"ஜில்லண்... அவங்க வீட்டுக்காரரு."

"இன்னைக்கு மதியம் வரலையே. நேத்து மதியமும் வரல. அவங்க வாயே தொறக்கல, ரெண்டு நாளா டியூப்லதான் போகுது. நீங்க யாரு பேசறது?"

"கூட வேலை பாக்கறவன்."

"அப்ப முன்னாடி பேசினது?"

"அதுவும் நான்தாம்மா."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "எப்படியாவது அவரைக் கூட்டிட்டு வந்துருங்க" என்று வைத்துவிட்டார்.

மொட்டை மாடி ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். தெரு முழுக்க மனிதர்கள். அவர்களில் ஒருவர் ஜில்லண்ணன், பையில் எதுவும் இல்லாமல். அவருடைய போன் எங்கே இருக்கிறது என்பது ஆகாயத்தில் சுற்றுகிற யந்திரங்களுக்குக்கூடத் தெரியும். அவர் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாரா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்காததை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் போனிலிருந்தே மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், நான் ஹீட்டர் பேசறேன்."

"அண்ணன் நம்பர்லேர்ந்து உங்க குரல்ல பேசறீங்க. ஏதோ பெரிசா நடந்திருக்கு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"ரெண்டு பேரும் ஒண்ணா பாத்ரூமுக்குப் போறீங்க, ஒண்ணா வெளிய வர்றீங்க. எவ்வளவு சிநேகமா இருந்தாலும் அப்படி யாரும் போக மாட்டாங்க."

"தெரிஞ்சும் விட்டீங்களா?"

"திரையில எது உறுத்துதோ அதைத்தான் நான் மேல சொல்லணும். எனக்கு உறுத்தல. என்ன ஆச்சு, சொல்லுங்க."

சொன்னேன். கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"ஒரு இடம் இருக்கு" என்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மதியத்துல அண்ணனோட புள்ளி ஒரே இடத்துல நிக்குது. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி. ஏதோ கடை."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவாச்சே மேடம்."

"ஆமா." அவர் குரல் சிறுத்துவிட்டது. "நான் இதையெல்லாம் திறந்து பாக்கறதில்ல. திறந்தா யாரு, எதுக்குன்னு காரணம் கேக்கும். இப்பதான் எழுதறேன். ஆள் காணவில்லைன்னு."

"எனக்கும் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

"நான் எங்க நிக்கறேன் மேடம்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"ஒரு தெரு முனை வரைக்கும் போறீங்க. அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிடறீங்க. எல்லா ஞாயித்துக்கிழமையும். கெளம்புங்க ஹீட்டர், நேரம் இல்ல."

அது என் தங்கச்சி வீட்டுத் தெரு முனை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அப்பா செத்த வீட்டில் வார்த்தை தடித்துவிட்டது. முடி வெட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அங்கே போவேன். என் தலையை ஒரு தரம் பார்த்திருந்தால் என் பெண்டாட்டி எப்போதோ கண்டுபிடித்திருப்பாள். அவள் பார்க்கவில்லை. மாமியார் பார்த்துவிட்டாள்.

பைக்கை எடுத்தேன். மேடம் சொன்ன இடம் ஒரு மெத்தைக் கடை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வரிசையாகக் கட்டில்கள், விரித்து மடிக்காத போர்வைகள், எரிகிற படுக்கையறை விளக்குகள். பகல் வெளிச்சத்தில் யாரும் இல்லாத படுக்கையறைகள். டை கட்டிய விற்பனைக்காரர் என் சட்டையைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சீருடை.

"ஏ.சி.க்கா? உங்க அண்ணன் ஏற்கெனவே பாத்துட்டிருக்காரே" என்றார். பாதி சிரிப்போடு கடையின் கோடியைக் காட்டினார்.

கோடியில் இருந்த பெரிய கட்டிலில் ஜில்லண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்திருந்தார். கால் மெத்தையில் படாமல் இருக்க அடியில் ஒரு பழைய துணியை விரித்திருந்தார். தலைக்கு மேலே 'சிறப்புத் தள்ளுபடி' என்று அட்டை தொங்கியது. கருவிப் பையை வயிற்றோடு அணைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"முதல்ல சும்மா உக்காந்து மேலயே பாத்துட்டிருப்பாரு. நான் ஏ.சி.யைச் சரி பண்றாருன்னு நெனச்சேன்" என்றார் விற்பனைக்காரர். "அப்புறம் அப்படியே சாஞ்சுட்டாரு. எழுப்பலாம்னு வந்தா ஒரு தம்பதி நின்னு பாத்துட்டிருந்தாங்க. அவரு தூங்கற அழகைப் பாத்து அதே மெத்தை வேணும்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து நான் எழுப்பறதில்ல."

வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் கிண்டல் பண்ணியிருப்பேன்.

தோளைத் தொட்டேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்டவரைப்போல முகம் வெளுத்தது.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன்டா. அவகிட்ட போகத்தான் கெளம்பினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். காலு நேரா இங்க வந்துருச்சு. ரெண்டு நாளா இப்படித்தான்..."

"அண்ணே, ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினார். வழி முழுக்க அவர் கை என் தோளில் இருந்தது. சட்டையைத் தாண்டிச் சில்லென்று. நான் வாயைத் திறக்கவில்லை.

வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். என்னிடம் பேசிய நர்ஸாகத்தான் இருக்க வேண்டும், திரைக்கு வெளியே நின்றிருந்தார். கையில் எதுவும் இல்லை, செய்ய எதுவும் இல்லை.

"கொஞ்சம் முன்னாடிதான் சார்."

அண்ணன் உள்ளே போனார். திரை சரியாக மூடாததால் எனக்குத் தெரிந்தது. கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தினமும் உட்காருவதுபோல. இரண்டு விரலை அண்ணியின் தாடைக்குக் கீழே வைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் திரும்பி ஜன்னலில் மாட்டியிருந்த ஏ.சி.யைப் பார்த்தேன். ஃபில்டர் முழுக்க அழுக்கு. யாரும் கழுவி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

அவர் வெளியே வந்தபோது நர்ஸ் மெல்லச் சொன்னார்: "நீங்க வந்துட்டே இருக்கேன்னு போன்ல சொன்னதும் அவங்க காதுல போய்ச் சொன்னேன் சார். வந்துட்டே இருக்காராம்னு. கண்ணைத் தொறந்து வாசப்பக்கம் பாத்தாங்க. கடைசி வரைக்கும் அங்கதான் பாத்துட்டு இருந்தாங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். தரை பிளந்தால் இறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது.

"நான்தாண்ணே சொன்னேன். மேடம்னு நெனச்சு. உங்க குரல்ல."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். "சொல்லிட்டுத் தூங்கிட்டிருப்பேன்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ராத்திரி படுக்கிற பெஞ்சு. மரத்தில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"நான் அந்தக் கடையில இருக்கேன்னு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாதே. அவளுக்குக்கூடத் தெரியாது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. "மேடம் ஞாயித்துக்கிழமைப் பதிவைத் திறந்து பாத்தாங்கண்ணே."

"ஞாயித்துக்கிழமைகூடவா?"

"எனக்கும் இருக்காம். தங்கச்சி தெருவுல போய் நிக்கறது."

அண்ணி இறந்ததற்கு அவர் அழவில்லை. இதற்குத்தான் அழுதார். சத்தமில்லாமல், கருவிப் பையை அணைத்துக்கொண்டு. அந்த நேரம் என் இடது பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'நீங்கள் நகரவில்லை. உதவி தேவையா?' அவர் பார்ப்பதற்குள் உள்ளே போட்டுவிட்டேன்.

மேடம் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊழியர் போனை வேலையிடத்தில் தவறவிட்டுவிட்டார், அவசரத்துக்குத் தேட வேண்டியிருந்தது என்று எழுதி முடித்துவிட்டார். மேலே இருப்பவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. லீவு நாளின் பதிவு இருந்ததால்தானே ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது என்றார்கள். ஆபீஸ் சுவரில் இப்போது ஒரு சுவரொட்டி இருக்கிறது: 'நீங்கள் எங்கே இருந்தாலும் நாங்கள் இருக்கிறோம்.' அதில் போட அண்ணனின் படத்தைக் கேட்டார்கள். அவர் தரவில்லை. எங்கிருந்தோ எடுத்த, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிற ஒருவரின் படத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த ஆளுக்கு ஒரு பெண்டாட்டிகூடச் செத்திருக்க மாட்டாள்.

இதோடு விடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாமியார் அவ்வப்போது முகத்தையும் கேட்பாளாம். போனைத் தூக்கி நம் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். குரலென்றால் எப்படியோ சமாளித்தேன். முகத்துக்கு எங்கே போவேன்? என்னுடையதையே யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மெத்தைக் கடைக்கு ஒரு நாள் சர்வீஸுக்குப் போனேன். "உங்க அண்ணன் இப்பல்லாம் வர்றதே இல்லையே. வியாபாரமே படுத்துருச்சு" என்றார் டைக்காரர். கோடியில் இருந்த கட்டிலில் புதுப் போர்வை விரித்திருந்தது.

போன வாரம் மதியம் அடித்தளத்தில் கார்களுக்கு நடுவே நின்று சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன். ஜில்லண்ணன் வந்தார். தன் போனை எடுத்து என் இடது பையில் போட்டார். அண்ணி போனபின் இதுதான் முதல் தடவை. ஊட்டுவதற்கு ஆள் இல்லை. தூங்குவதற்கு ராத்திரி முழுக்க இருக்கிறது. எங்கே போகிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

ரெண்டு அடி போனவர் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை உன் போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

"எங்கண்ணே?"

"எங்கன்னு நான் கேட்டேனா?"

"தெரு முனையில நிக்கறதுக்கு போன் இருந்தா என்ன, இல்லாட்டி என்னண்ணே?"

"திரும்பி வந்தாலும் யாருக்கும் தெரியாது. உள்ள போனாலும் தெரியாது. முகம் கேக்கறதுக்குள்ள ஒரு தடவை போய்ட்டு வா."

பின்வாசல் வழியாக வெளியே போனார், இரண்டு கையையும் வெறுமனே வீசிக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் இடது பை அதிர்ந்தது. இந்தத் தடவை திரையைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மேடம்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

தொண்டையை இறக்கினேன். "இங்கதாம்மா."

அந்தப் பக்கம் ஒரு விசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "சரிண்ணே" என்றார். "பத்திரமா இருங்க."

நான் மேல்மாடிக்குப் போனேன். வழியில் பாத்ரூம் வந்தது. அண்ணனின் போனை எடுத்து வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே போனேன்.